முக்கிப் போட்ட பூசணம்

தம்பி, அந்தச் சாக்கைக் கொஞ்சம் காலுக்கடியில தள்ளி வையுங்க, நான் இப்பிடி ஒட்டி இருந்துக்கிடுதேன். ஆங், போதும். மார்த்தாண்டத்துல ஏறி, பேச்சிப்பாறை வண்டியில இருக்க எடம் கிட்டுததுண்ணா அது பெரிய காரியம். எதுவரைக்கும் போறிய? கொலசேகரமா? நான் அதுக்கும் அங்கோட்டு, ஆலம்பாறை முக்கு. அப்ப பேசிட்டே போலாம்.

சாக்குல என்ன, மண்ணா? ரப்பர் ஆபீசுல தந்ததா? வேர்ப்பூசணமா! அதானே பாத்தேன், மணம் எங்கயோ பழகின மணமாட்டு இருக்கேண்ணு. தம்பி, நீங்க புண்ணியம் செஞ்ச ஆளு. இத்தனை பேரு ஏறுத வண்டியில எனக்க பக்கத்துல வந்து இருந்திய பாருங்க. அத அப்பிடியே கொண்டுபோய்க் குழியில தட்டிராதிய. நான் சொல்லுதேன், கேட்டுட்டுப் பெறவு செய்யுங்க.

என் பேரு தாசையன். மருந்தடி தாசையன்ணு கேட்டா எங்க பக்கத்துல சின்னப் பிள்ளையும் வழி காட்டும். மழைக்கு முன்ன ரப்பர் மரத்துக்குத் நீலத் துருசும் சுண்ணாம்பும் கலக்கி அடிப்பாவல்லா, இலையில பூசணம் புடிச்சுக் கொட்டாம இருக்கதுக்கு? அந்த வேலைதான். முப்பத்தஞ்சு வருஷமாட்டு. இந்த நகத்தைப் பாருங்க, நீலம் தெரியுதா? எந்த சோப்பு போட்டாலும் போவாது. எனக்க கல்யாணப் போட்டோவுலயும் கை நீலந்தான். கறுப்பு வெள்ளைப் போட்டோ ஆனதினால மானம் தப்பிச்சு.

இலைப் பூசணம், கவட்டைப் பூசணம், பட்டைப் பூசணம், ஒண்ணையும் நான் விட்டதில்ல. பூசணம்ணு சொன்னா எனக்கு ஒரே வேலைதான், கொல்லணும். வீட்டுல ஊறுகாப் பரணியில ஒரு வெள்ளைப் புள்ளி கண்டாலும் எனக்குக் கை துறுதுறுங்கும். வீட்டுக்காரி பரணியைத் தூக்கிக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வைப்பா. அப்பிடிப்பட்ட எனக்கு, தம்பி, பூசணத்தைச் சாக்குல கட்டிக் கையில தந்து, இந்தா, நட்டு வளத்துண்ணு சொன்னா எப்பிடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

கதை அவளுக்க குன்னுல இருந்து தொடங்குது. அவண்ணா எனக்க வீட்டுக்காரி, ரெத்தினபாய். அவளுக்க அப்பன் கல்யாணத்துக்கு அவளுக்கு எழுதிக் குடுத்த குன்னு அது. பண்டு மரச்சீனிக் கெழங்கு போட்டாவ, பெறவு ரப்பர் வச்சாவ, அதுக்க பட்டையையும் சுரண்டி வெட்டித் தீத்தாவ. எல்லா எடத்துலயும் நடக்கதுதான். இடையில மண்ணெடுக்கிற கிளீட்டஸ் வந்தான். ரோட்டுப் பள்ளத்தை ரொப்ப மண்ணு வேணும்ணான். மேல கெடந்த கறுத்த மண்ணைக் கொஞ்சம் அள்ளிட்டுப் போனான். நாந்தான் சம்மதிச்சேன். மண்ணுதானே தம்பி! அள்ளின எடத்துல அடியில வேற மண்ணு இருந்துது. நல்ல செவப்பா, கெட்டியா, பாக்க அழகாட்டு. மண்வெட்டி போட்டா டங்குண்ணு சத்தம் வரும், அவ்வளவு உறுதி. அவ மட்டும் லாரி போன வழியைப் பாத்துட்டு வாசல் நடையில இருந்து அழுதா. மண்ணுக்காண்டி அழுத பொம்பளைய நான் அண்ணைக்குத்தான் பாக்கேன்.

பெறவு அதுல ரப்பர் கன்னு வச்சோம். வச்ச கன்னு வச்ச மாதிரியே நிண்ணுது. வளரவும் இல்ல, சாவவும் இல்ல. இலை மஞ்சளாச்சு. ஒரு தட்டு இலை விட்டா அடுத்த தட்டு விடாது. கோடை வந்ததும் ஒண்ணு பாக்கி இல்லாம பட்டுது. நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்ணு நான் சொன்னேன். அடுத்த எடவப்பாதி மழைக்கு வேற நர்சரியில வாங்கி வச்சோம். இந்தத் தடவை நான் ஏமாறல்ல. வேருல பூசணம் இருக்கும்ணு, குழி குழியா மருந்தை ஊத்தினேன். மேலயும் அடிச்சேன், கீழயும் ஊத்தினேன். அது கோடை வரைக்கும்கூட நிக்கல்ல. மருந்து பத்தல்லண்ணு எனக்கு அப்பவே தோணிச்சு.

அண்ணைக்கு ரெத்தினபாய் அரிசி பொடைச்சுட்டு இருந்தா. பொடைச்சுக்கிட்டே சொன்னா: "இன்னும் ஒரு தடவை வச்சுப் பாக்கலாம். இதுவும் பட்டுதுண்ணா, கிளீட்டஸைக் கூப்பிட்டுக் குன்னு முழுசையும் எழுதிக் குடுத்துருவேன். பட்ட மரத்தைத் தினம் தினம் பாத்துட்டு இருக்க என்னால ஆவாது. நான் மவகூட கோயம்புத்தூருக்குப் போயிருவேன். நீங்களும் ஒங்களுக்க மருந்துக் கேனும் இஞ்ச இருந்துக்கிடுங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா பரவாயில்ல தம்பி. அவ தினமும் சத்தம் போடுவா, அது எனக்கு ரேடியோ மாதிரி. இது மெதுவாச் சொன்னா. மெதுவாச் சொன்னதை அவ இதுவரைக்கும் மாத்தினதே இல்ல. மெதுவாத்தான் ஒரு நாளு எனக்க தங்கச்சிகூடப் பேசமாட்டேன்ணு சொன்னா. இண்ணைக்கு வரைக்கும் பேச்சு இல்ல. எனக்கு அண்ணைக்குச் சோறு எறங்கல்ல. வெளிய காட்டிக்கிடுவேனா? "போனாப் போ, எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியாதா?"ண்ணு கேட்டேன். உண்மையச் சொன்னா தெரியாது.

அப்பத்தான் ரப்பர் ஆபீசுல இருந்து ஷைனி மேடம் வந்தாவ. சின்னப் பிள்ளைதான், ஆனாலும் ஆபீசர் பாத்தியளா. குன்னு மேல ஏறி, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில வச்சு அமுக்கிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, இந்த மண்ணுல உயிரே இல்ல"ண்ணாவ. மண்ணு என்ன ஆடா மாடா, உயிரு இருக்கதுக்கு? மேல்மண்ணு போனதோட அதுல இருந்த பூசணமும் போச்சாம். எனக்குச் சந்தோஷந்தான், போனாப் போட்டும்ணேன். "அப்பிடியில்ல அண்ணாச்சி, நல்ல பூசணமும் உண்டு"ண்ணாவ.

நல்ல பூசணம்! நல்ல திருடன்ணு சொல்லுதது மாதிரி.

அது வேருக்குள்ள போய் குடியிருக்குமாம். தலைமுடியைவிட மெல்லிசா நூலு நூலா வெளிய விட்டு, வேரு எட்டாத எடத்துல இருந்து தண்ணியும் சத்தும் இழுத்துட்டு வந்து மரத்துக்குக் குடுக்குமாம். மரம் அதுக்குக் கொஞ்சம் இனிப்பு குடுக்குமாம். இப்பிடிக் கெட்ட மண்ணுல அது இல்லாம கன்னு தலை தூக்காதாம். நான் கையக் கட்டிட்டு நிண்ணு கேட்டேன். ரெத்தினபாய் வாயைப் பொளந்துட்டு கேட்டா. கேட்டது மட்டுமில்ல, திருப்பித் திருப்பி கேள்வி கேட்டா. எவ்வளவு போடணும், எந்த ஆழத்துல போடணும், கன்னு வச்ச பெறவு போட்டா புடிக்குமாண்ணு. அந்தப் பிள்ளை, "வேருல படுத மாதிரி போட்டா புடிக்கும் அக்கா. ஆனா குழியில மருந்து மட்டும் படப்பிடாது"ண்ணு சொல்லிட்டு என்னைப் பாத்தாவ. என்னை எதுக்குப் பாக்கணும்?

மறுவாரம் ரெத்தினபாயே ஆபீசுல போய் ஒரு சாக்கு வாங்கிட்டு வந்தா. வந்து சொன்னா: "வீணாச் சண்டை வேண்டாம். குன்னுல மேல்பாதி ஒங்களுக்கு, கீழ்பாதி எனக்கு. ஒங்களுக்க பாதிய ஒங்க இஷ்டம்போல நடுங்க. எனக்க பாதியில தலையிடப்பிடாது." எனக்குச் சரிண்ணு பட்டுது. ரப்பர் சீட்டு காயப்போடுத பொகப்பெரை வீட்டுக்குப் பின்னால இருக்கு, அதுக்குள்ள கொண்டுபோய் அவளே பங்கு வச்சா. நான் உள்ள போகப்போனேன், கண்ணுல பொகை அடிக்கும், வராதிங்கண்ணா. எனக்க மேல அவ்வளவு கரிசனம்.

பங்கு பாத்தேன் தம்பி, அவளைப் பத்தி ஒரு குத்தம் சொல்ல முடியாது. அவளுக்க பங்குல துண்டு வேரும் கல்லும் தூசியுமா கெடந்துது, இந்த ஒங்க சாக்குல இருக்கே, அதேபோல. எனக்க பங்கு நல்லாச் சலிச்ச சாம்பல் கணக்கா நைசா இருந்துது. பொகை மணம் அடிச்சுது, பொகப்பெரையில வச்சா அடிக்காதா? நல்லதை எனக்குத் தந்துட்டு மோசத்தை அவ எடுத்துக்கிட்டா. எந்தப் பொம்பளை செய்வா?

இப்பத்தான் விஷயத்துக்கு வாறேன். எனக்க கையில எது வந்தாலும் மருந்துல முக்காம மண்ணுக்குள்ள போவாது. வாழைக்கன்னா? முக்கு. இஞ்சி வித்தா? முக்கு. சேனைக்கெழங்கா? முக்கு. அப்ப பூசணத்தை மட்டும் முக்காமப் போடலாமா? வெளிய இருந்து வாற பூசணம், அது நல்லதாவே இருக்கட்டும், கூட வேற எந்தெந்தப் பூசணத்தைக் கூட்டிட்டு வருமோ, ஆரு கண்டா? அதனால துருசும் சுண்ணாம்பும் நல்ல கட்டியாக் கலக்கி, துணியில கிழி கிழியாக் கட்டி, முக்கி எடுத்து, நெழல்ல ஆறப்போட்டு, பெறவு போட்டேன். சுத்தம் பண்ணின பூசணம். உலகத்துல ஆரும் செஞ்சிருக்க மாட்டான்.

நான் முக்கும்போ ரெத்தினபாய் பக்கத்துல வந்து நிண்ணா. சண்டைக்கு வாறாண்ணு நெனச்சேன். இல்ல. "நல்லா முக்குங்க. ரெண்டு தடவை முக்குங்க"ண்ணா. கல்யாணம் கழிஞ்ச பெறவு எனக்க மருந்தைப் பத்தி அவ வாயில இருந்து நல்ல வார்த்தை வந்தது அதுதான் முதல் தரம்.

மழை புடிச்சுது. கன்னு வச்சோம். பெறவு ஒரு நாளு அடுத்த தோட்டத்து வறுவேல் வந்தாரு. அந்த ஆளுக்கு வேற வேலை இல்ல. "ஓய் தாசையன், உம்ம பொஞ்சாதி உம்ம மேல்பாதியில ஒவ்வொரு கன்னு மூட்டுலயும் வேரு தெரியக் கம்பியால தோண்டிட்டு நிக்காளே, என்ன ஓய்?"

"ஆட்டுக்குப் புல்லு பறிப்பா"ண்ணேன்.

"புல்லு பறிச்சா மண்ணுல இருந்து எடுத்து மடியில போடணும். இவ மடியில இருந்து எடுத்து மண்ணுல போடுதாளே!"

"உமக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு, நாகர்கோவிலுக்குப் போய் காட்டும் ஓய்"ண்ணு சொல்லி அனுப்பினேன். பின்ன என்ன தம்பி? அவளுக்க பாதி கீழ இருக்கும்போ எனக்க பாதியில அவளுக்கு என்ன வேலை? ஊருல ஒருத்தன் பொண்டாட்டியோட நல்லா இருந்தா பக்கத்து ஆளுக்குப் பொறுக்காது.

அந்த வருஷம் பாத்து எனக்க மருந்தடி பம்புக்கும் தினம் ஒரு கேடு. கன்னு மூட்டுல கொஞ்சம் மருந்து ஊத்துவோம்ணு எடுத்தா வாஷரைக் காணும். வாஷர் வாங்கிப் போட்டா ஓஸ் கிழிஞ்சு கெடக்கும். ஓஸை மாத்தினா கேனுல ஓட்டை. "எலி"ங்கா அவ. எலி இரும்பைக் கடிக்குமாண்ணு கேட்டா, "பசிச்சா எதையும் கடிக்கும்"ங்கா. கடைசி வரைக்கும் ஒரு சொட்டு ஊத்த முடியல்ல. நான் முன்கூட்டியே முக்கிப் போட்டது நல்லதாப் போச்சு, இல்லேண்ணா என்ன ஆயிருக்கும்?

மழை நிண்ணுது. அதுக்குப் பெறவு எனக்கு இருந்த நெலமைய ஆருகிட்டயும் சொன்னதில்ல. காலையில எழும்பினதும் நேரா மேல ஏறுவேன். கன்னு மஞ்சளாவுதாண்ணு பாப்பேன். ஒரு இலை பழுத்துக் கெடந்தாலும் அவ காணும் முன்ன எடுத்து மடியில சொருகுவேன். அவ வீட்டுல துணி மடிச்சு வைக்கிறதைப் பாத்தா, பெட்டி கட்டுதாளோண்ணு தோணும். முப்பத்தஞ்சு வருஷம் ஒருத்திகூட சண்டை போட்டுப் பழகியாச்சு. இனி நான் ஆருகூடப் போய் சண்டை போட?

கோடை வந்துது. பாறையெல்லாம் தீயாக் காஞ்சுது. ஒரு நாளு மேல போறேன், கன்னு நுனியில செம்பு நெறத்துல பிஞ்சு இலை! அடுத்த தட்டு விடுது. ஒண்ணுல இல்ல, வரிசை முழுக்க. குன்னு மேல நிண்ணு, "ரெத்தினம்! ஏ ரெத்தினம்! வந்து பாரு!"ண்ணு கத்தினேன். பாம்பு கடிச்சுப்போச்சுண்ணு நெனச்சு அவ அரிவாளோட ஓடி வந்தா. கீழ்பாதியப் பாத்தா, அதுவும் அதேபோலத்தான் நிக்குது. ஒரு விரக்கட வித்தியாசம் இல்ல. முக்கினதும் முக்காததும் ஒண்ணுபோல வளந்துதுண்ணா, முக்கினதுதானே பெருசு?

ஷைனி மேடம் வந்தாவ. ரெண்டு பாதியில இருந்தும் தனித்தனியா வேரு நறுக்கிக் கொண்டுபோய் பூதக்கண்ணாடியில வச்சுப் பாத்துட்டு, திரும்பி வந்து, "அண்ணாச்சி, ரெண்டு பாதியிலயும் பூசணம் அருமையாட்டு புடிச்சிருக்கு"ண்ணாவ.

அப்ப சொன்னேன், நான் முக்கிப் போட்ட கதைய. சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு முகம் மாறிச்சு.

"துருசுலயா? முக்கினா அது சாவணுமே அண்ணாச்சி!"

"சாவல்லல்லா? எனக்க கை அப்பிடிப்பட்ட கை."

அவிய ரெத்தினபாயப் பாத்தாவ. ரெத்தினபாய் வீட்டு முத்தத்துல மேயுத கோழியப் பாத்தா. பெறவு ரெண்டு பேரும் காப்பி போடப் போறோம்ணு அடுக்களைக்குள்ள போனாவ. உள்ள ஒரே சிரிப்பு. பொம்பளையளுக்குச் சிரிக்க என்ன வேணும், பால் பொங்கி வழிஞ்சா போதும். வெளிய வந்து, கண்ணைத் தொடச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை சொல்லுது: "அண்ணாச்சி, ஒங்களைக் கும்பிட்டுக் கேக்கேன், இந்த முக்குத விஷயத்தை வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதிய."

பாத்தியளா? எனக்கு வெளங்காதா? நான் கண்டுபிடிச்சதை அமுக்கி வச்சு, நாளைக்கு ஆபீஸ் பேருல வெளிய விடுததுக்கு. அதனாலதான் நான் பஸ்ல பாக்குத ஆளுககிட்ட எல்லாம் சொல்லிருதேன். நாலு பேருக்குத் தெரிஞ்சு போச்சுண்ணா பெறவு அவியளால எனக்க பேரை மறைக்க முடியாதுல்லா?

என்ன தம்பி சிரிக்கிய? நம்பல்லியா? நீங்களும் முக்கிப் போட்டுப் பாருங்க, தெரியும். என்னது, வீட்டுல கேட்டுட்டுச் செய்யிறியளா? கேளுங்க, கேளுங்க. பொம்பளைய சொல்லுத அபிப்பிராயத்தையும் கேக்கணும். நான் எப்பவும் கேப்பேன்.

கொலசேகரம் வரப்போவுது, இதையும் கேட்டுட்டு எறங்குங்க. போன மாசம் கிளீட்டஸ் திரும்ப வந்தான். குன்னு எப்ப எழுதித் தாறியண்ணு கேட்டான். அவ நடையில இருந்து எழும்பாமலே, "நீ போய் வேற எடத்துல தோண்டு"ண்ணா. அவன் போயிட்டான். எனக்குப் பாதி உயிரு வந்துது. பாதிதான். ஏண்ணா, மறுநாளே மவ போன் பண்ணினா. "அம்மா, ரூம் ஒதுக்கி வச்சாச்சு, டிக்கெட் போடட்டா?"ண்ணு கேக்கா. நான் முத்தத்துல கேன் கழுவுதது போல நிண்ணுட்டு, காதை மட்டும் உள்ள வச்சேன். தண்ணி ஊத்தின சத்தம் கேக்கப்பிடாதுண்ணு தண்ணியும் ஊத்தல்ல.

அவ சட்டியில கரண்டியத் தட்டுத சத்தம் கேட்டுது. பெறவு மெதுவாச் சொன்னா, கேட்டியளா, மெதுவா: "நான் எப்பிடி மக்களே வர? நான் வந்துட்டா அப்பனுக்க பாதிய ஆரு பாக்கது?"

எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு தம்பி. மறைக்கதுக்கு என்ன இருக்கு? பெறவுதான் யோசிச்சேன். எனக்க பாதியப் பாக்கதுக்குத்தான் நான் இருக்கேனே? அவளுக்க பாதி கீழ இல்லியா கெடக்கு? உள்ள போய் கேட்டேன், "நீ எதுக்கு எனக்க பாதியப் பாக்கணும்?"ண்ணு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "பேசாம இருந்து சோறு தின்னுங்க"ண்ணு சொல்லிட்டு, மீனுல நடுத்துண்டை எடுத்து எனக்க தட்டுல வச்சா.

பாவம், வயசாவுதுல்லா. மேல எது கீழ எதுண்ணு அவளுக்குத் தெரியல்ல. நானும் பெறவு ஒண்ணும் கேக்கல்ல. பாத்துட்டுப் போட்டும். அவ இருந்தா போதும் எனக்கு.